வாசலில் ஒன்பது சோடி சப்பாத்து

நாங்கள் குடியேறிய டேனிஷ் ஊரின் பழைய தேவாலயத்தில் வழிகாட்டியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். முதல் தேர்வில், "நீங்கள் பேசும் டேனிஷ் ஆட்களுக்கு விளங்காது" என்று தேர்வாளர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காது மந்தமானவர்களுக்கே என் டேனிஷ் விளங்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சேரும், சைவக்காரிக்கு உந்தச் சேர்ச்சில என்ன வேலை? விடுமன்," என்றார் கணவர்.

"விடமாட்டன். திரும்பப் போறன்."

ஆறு மாதம் வெங்காயம் உரித்தபடியே தேவாலயத்தின் கூர்வளைவுகளைப் பற்றிப் பேசிப் பழகினேன். மகள் சலிக்காமல் உச்சரிப்பைத் திருத்தினாள்.

இரண்டாம் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. எட்டுப் பார்வையாளர்கள், எல்லாரும் வயதான டேனிஷ்காரர்கள். வெளியே நிறுத்தி, அடிச்சுவரின் கருங்கல் முதலில் கட்டிய தேவாலயத்தினுடையது, மேலே செங்கல் பிறகு வந்தது என்று காட்டினேன். அரைவட்ட ஜன்னலை அடைத்துவிட்டுக் கூர் ஜன்னல் திறந்த தழும்பையும் காட்டினேன். பிறகு உள்ளே அழைத்துப் போனேன். கடைசி வாங்கில் தேர்வாளர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"மேலே விலா எலும்புபோல் தெரியும் செங்கல் வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்குகின்றன. அதனால்தான் சுவரில் இத்தனை பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது" என்று சொல்லும்போது உள்ளங்கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன். காலுறையோடு நிற்கிறேன்! கோயில் வாசலில் கழற்றுகிற பழக்கத்தில் கழற்றிவிட்டிருக்கிறேன். என் பின்னால் எட்டுப் பேரும் காலுறையோடு, தரையில் பதித்த கல்லறைப் பலகைகளின் மேல் நின்றார்கள். இங்கே அதுதான் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். வாசலில் ஒன்பது சோடி சப்பாத்து வரிசையாகக் கிடந்தது. தேர்வாளர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. சுண்ணாம்பு பூசி மறைத்த சுவரோவியங்களைப் பற்றிச் சொன்னேன். கடைசி ஜன்னல்வரை ஒன்றையும் விடவில்லை.

எல்லாரும் போனபின் தேர்வாளர் வந்தார்.

"சப்பாத்தைக் கழற்றச் சொன்னீர்களா?"

"இல்லை."

"போன தடவை உங்கள் பேச்சு விளங்காது என்றேன். இன்று நீங்கள் சொல்லாததையும் கேட்டு நடக்கிறார்கள்." அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடினார். "அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் முதல் சுற்று. கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வாருங்கள்."