பெயருக்குக் கீழே ஊர் இல்லாத பத்திரிகை

என் அச்சாபீஸ் மேசையின் கண்ணாடிக்கு அடியில், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று பல வருடமாகக் கிடக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குக் கீழே ஊர் இருக்கிறது, தாய்மாமன் பெயருக்குக் கீழேகூட இருக்கிறது. பெண்ணைப் பெற்ற பெயிண்டர் அண்ணன் பெயருக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஊர் போடாமல் பத்திரிகை அடித்தால் அச்சாபீஸ்காரனைத்தான் கேலி செய்வார்கள்.

அண்ணன் இலங்கையிலிருந்து படகேறி வந்த அகதி. ஊருக்கு வெளியே முகாமில் இருந்தார். எங்கள் ஊரான கிணத்துக்கடவைச் சுற்றியுள்ள கிராமங்களின் பெயர்ப் பலகைகளில் பாதி அவர் எழுதியவை. கடைக்காரர்களிடம் "ஏனுங்க" என்று எங்களைப் போலவே பேசுவார். மனசு கலங்கினால் மட்டும் அவருடைய சொந்தத் தமிழ் வெளியே வந்துவிடும். நான் அப்போது பெரிய மேதாவி. நாடென்பது யாரோ கிழித்த கோடு, பேசுகிற மொழிதான் நிஜம் என்று டீ குடிக்கும்போதெல்லாம் அவரிடம் அளந்துவிடுவேன். சிரித்தபடி கேட்டுக்கொள்வார்.

தாயில்லாத அவர் மகளுக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் குறித்த முகூர்த்தம், முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளாகப் போய்த் தொலைந்தது. பெயர் கூப்பிடும்போது நேரில் நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். பத்திரிகையை இணைத்து, அன்றைக்கு வராமலிருக்க அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். பத்திரிகைக்காக அண்ணன் எழுதிக் கொடுத்த தாளில் தன் ஊரைக் காலியாக விட்டிருந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து, நானே 'கிணத்துக்கடவு' என்று போட்டு அடித்துவிட்டேன். பத்திரிகைக் கட்டைப் பிரித்தவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"தம்பி, இதை மனுவோட காட்டினா, பொய் சொல்லி இந்த ஊர்க்காரனாகப் பாக்கிறன் எண்டுவாங்கள். மாத்தித் தாங்கோ."

"ஒரே பாஷை பேசறோம், இதுல என்னங்ணா நாடு? அப்படி ஒண்ணு இருக்குதுன்னு ஆரு சொன்னது?" என்றேன்.

"இருக்குது தம்பி. என்ர பேரைக் கூப்பிடேக்க நான் அங்க நிக்கவேணும். உங்களை ஆரும் கூப்பிடுறேல்ல. அதான் உங்களுக்குத் தெரியேல்ல."

ஊரை எடுத்துவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன். அனுமதி வரவில்லை. அவர் பெயரை முதலில் கூப்பிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று வாய்வார்த்தைதான் கிடைத்தது. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. அதிகாரி வந்தது பதினொன்றுக்கு. தாலி ஏறிய நேரத்தில் அண்ணன் பட்டு வேட்டியோடு முகாம் மைதானத்தில் வரிசையில் நின்றிருந்தார். அவர் இடத்தில் நானும் என் மனைவியும் நின்று பெண்ணைத் தாரை வார்த்தோம். இரண்டாம் பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தவர், யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் ஜக்கை எடுத்துப் பரிமாறப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. அதன்பிறகு நாட்டைப் பற்றி நான் யாரிடமும் அளந்ததில்லை.

அண்ணன் போன வருடம் முகாமிலேயே காலமானார். போன வாரம் அவர் மகள், தன் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகைக்காக வந்தாள். கம்ப்யூட்டரில் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று சேர்த்தேன். அதற்குக் கீழே கை நின்றுவிட்டது. இந்தத் தடவை நானாக எதையும் போடவில்லை.

"ஊர் என்ன போடட்டும் அம்மணி?"

"முகாமுன்னே போட்டுருங்க சித்தப்பா. அப்பா ஒரு நாளும் தப்பாம நின்ன ஊரு அதுதானுங்களே. என்ற கல்யாணத்தன்னிக்குக்கூட."

அப்படியே அடித்தேன். கண்ணாடிக்கு அடியில் ஊரில்லாமல் கிடந்த பழைய பத்திரிகை அவள் கண்ணில் படாமல், அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.