வாசிக்காமல் விட்ட நான்காம் பந்தி

நான் ஒரு பெண்ணை ஏமாற்றினேன். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏமாற்றினேன்.

ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த தாள் அது. ஐந்து பந்திகள். நான்கை அவளுக்குத் தமிழில் வாசித்தேன். நான்காம் பந்தியை மட்டும் தாண்டிப் போனேன். வாசித்து முடிந்ததும் அவள் தன் இடது பெருவிரலை மையில் ஒற்றித் தாளின் அடியில் பதித்தாள். வலது பெருவிரல்... அது அப்போது அவளுக்கு இல்லை!

இத்தனை காலமாக எவரிடமும் இதைச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகம் அறியாதவர் என்பதால் இந்தத் துணிவு வந்ததோ, என்னவோ...

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே, தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, பேராதனையில் பட்டம் பெற்று, அதே தோட்டப் பள்ளிக்கு ஆசிரியனாகத் திரும்பி வந்தவன் நான். நகரத்தில் வேறு வேலை தேடாமல் என் மக்களிடமே வந்தேன் என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. மறைப்பானேன்? நிறையவே இருந்தது.

எங்கள் லயங்களுக்கு ஆங்கிலத் தாள் ஒன்று வந்தால் அதை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வாசிப்பவர் சொன்னதுதான் தாள். கைநாட்டு வைப்பவர் காகிதத்தின்மீது வைப்பதாகத் தோன்றும். உண்மையில் வாசித்தவரின் சொல்லின்மீதுதான் வைக்கிறார். நான் வந்த நாள் முதல் அந்த ஆள் நானே. வேறு யாரிடமும் காட்டிச் சரிபார்க்கும் வழக்கம் அறவே இல்லாது போயிற்று. மாஸ்டர் வாசித்தாயிற்று என்றால் முடிந்தது!

சனிக்கிழமை மாலைகளில் பள்ளி மண்டபத்தில் தொழிலாளர் சட்டங்களை விளக்கிப் பேசுவேன். முன்வரிசையில் எப்போதும் அஞ்சலை இருப்பாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் படிக்கப் போகுமுன் என்னைத் "தம்பி" என்று அழைத்தவள். திரும்பி வந்தபின் அவளே "மாஸ்டர்" என்று மாற்றிக்கொண்டாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

இனி, விபத்தைச் சொல்ல வேண்டும்.

மாலை நிறுவை நேரம். பெண்கள் கூடைகளோடு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் முன் வரிசையாக நின்றிருந்தார்கள். நகரத்து அரிசிக் கடை முதலாளியின் லொறி தோட்டத்து ஸ்டோருக்கு மூட்டைகள் இறக்க வந்திருந்தது. அந்தக் குறுகிய வளைவில் லொறியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் இறங்கி நின்று குரல் கொடுக்க வேண்டும். அன்று அவன் ஸ்டோருக்குள் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். ஓட்டுநர் தனியாகவே பின்னெடுத்தார். வரிசையின் கடைசியில் நின்ற அஞ்சலையின் வலது கை, லொறியின் பின்பலகைக்கும் மடுவத்தின் கல் தூணுக்கும் இடையில் அகப்பட்டது.

ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த இரு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். கொழுந்து பறிப்பதற்கு அந்த மூன்று விரல்களே எல்லாம் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா?

அன்று நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். அவளை லொறியிலேயே ஏற்றி அனுப்பியபின், சிதறிக் கிடந்த அவளது கொழுந்தைக் கணக்கப்பிள்ளை கூட்டி அள்ளச் செய்து தராசில் போட்டார். அவள் உழைப்பு வீணாகிவிடக் கூடாதென்ற நல்ல எண்ணந்தான். மண்ணில் மிதிபட்டது போக மிஞ்சியது குறைவு. ஆகவே செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவளுக்கு அரைப் பேர் விழுந்தது. கை போன நாளுக்கு அரைநாள் சம்பளம்!

ஆனால் அந்த அரைப் பேர் ஒரு பெரிய சாட்சி. விபத்தின்போது அவள் கொழுந்து இன்னும் நிறுக்கப்பட்டிருக்கவில்லை. அவள் வேலையில்தான் இருந்தாள் என்பதற்கு, தோட்டத்தின் கையாலேயே எழுதப்பட்ட சாட்சி! அதைக் கேள்விப்பட்ட கணமே நான் உணர்ந்துவிட்டேன். சட்டம் படித்த என் மூளை அவ்வளவு கூர்மையாக வேலை செய்தது...

சட்டம் அவளுக்கு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருந்தது. வேலையில் காயப்பட்ட தொழிலாளி என்ற முறையில் தோட்டத்திடம் நட்டஈடு கோரி, கொழும்பிலுள்ள ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது ஓட்டுநரின் கவலையீனத்துக்காக லொறிச் சொந்தக்காரர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். லொறிக்குக் காப்புறுதியும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே பற்ற முடியாது. எது தகும் என்று ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். அவளுக்காக அதை ஆராயக்கூடியவன் அந்த மலையில் நான் ஒருவனே.

ஆராய்ந்தேன். அவளுக்காகத்தானா?

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், தோட்ட நிர்வாகியான துரைக்குக் கீழ் எழுத்துவேலை பார்த்த பெரிய கிளாக்கர் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். மேசைமீது அந்தத் தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"மாஸ்டர், அரிசி முதலாளியின்ர ஆக்கள் கொண்டுவந்தது. துரையும் பாத்திட்டார். அந்தப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டி ஒரு கைநாட்டு வாங்கித் தாங்கோ. நீங்கள் வாசிச்சால்தான் அவள் நம்புவாள்."

நான் வாசித்தேன். நான்காம் பந்தியில் என் கண் நின்றது. "விபத்தின்போது நான் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் எச்சரித்தும் என் கவலையீனத்தாலேயே லொறியின் பின்னால் சென்றேன். இனித் தோட்டத்தின்மீதோ லொறிச் சொந்தக்காரர்மீதோ எந்த மன்றத்திலும் எதுவும் கோரமாட்டேன்."

இரண்டு வாசல்களும் ஒரே பந்தியில் அடைக்கப்பட்டிருந்தன!

"இது உண்மையில்லையே ஐயா," என்றேன். சொன்னேன்... இதை மட்டும் நம்புங்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கட கடிதமும் துரையின்ர மேசையிலதான் கிடக்குது, மாஸ்டர். இண்டைக்கோ நாளைக்கோ கையெழுத்து விழும்." சற்று நிறுத்தி, "பள்ளிக்கூடத்துக்குத் தகரம் தாறதெண்டும் சொன்னவர்," என்றார்.

என் கடிதம்! எங்கள் குடும்பம் இத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் இந்தத் தோட்டத்திலேயே வசித்தது என்று துரை எழுதித்தர வேண்டிய அத்தாட்சி. என் தகப்பனார் முன்பே கொடுத்திருந்த பிரஜாவுரிமை விண்ணப்பம் விசாரணைக்கு வந்திருந்தது. அந்தக் கடிதம் இல்லையேல், லயங்களில் பெரும்பாலோரைப் போல நாங்களும் நாடற்றவர்கள்.

அவர் என்னை மிரட்டவில்லை; இரண்டு செய்திகளை அடுத்தடுத்துச் சொன்னார், அவ்வளவே. முடிச்சுப் போட்டவன் நான்.

அலுவலகத்திலிருந்து லயத்துக்கு அரை மைல். அந்த அரை மைலில் எத்தனை நியாயங்களைக் கட்டி எழுப்பினேன் தெரியுமா? வழக்கென்று போனால் தோட்டம் அவள் கணவனுக்குப் கணக்குத் தீர்த்த பற்றுச்சீட்டைக் கொடுத்து வெளியேற்றினால்? ஓட்டுநர் வலப்பனைப் பக்கத்துச் சிங்கள மனிதர். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கிராமத்துக்கும் லயத்துக்கும் பகை மூண்டால்? தகரம் வந்தால் ஒரு புது வகுப்பறை, நாற்பது பிள்ளைகள்... ஒருத்தியின் நட்டமா, நாற்பது பேரின் நன்மையா?

எல்லாம் சரியான கேள்விகளே! ஆனால் அவற்றைக் கேட்டு முடிவுசெய்யும் உரிமை அவளுடையது. அவளிடம் நான் அவற்றைக் கேட்கவே இல்லை.

அஞ்சலை தன் லயத்து அறையான காம்பராவின் வாசற்படியில் அமர்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. அருகில் அவள் கணவன் காளிமுத்து. உள்ளே மகள் தவமணி, என் நான்காம் வகுப்பு மாணவி, உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். முதற் பந்தி, அவள் பெயரும் ஊரும். இரண்டாவது, விபத்து நடந்த நாள். மூன்றாவது, முதலாளி இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு தொகையும் ஒரு மூட்டை அரிசியும். அடுத்து ஒரு மூச்சு... ஒரே மூச்சு இடைவெளி... ஐந்தாவது, தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை.

"அம்புட்டுத்தானுங்களா மாஸ்டர்?" என்றாள். "கடுதாசியில நெறைய எழுதியிருக்காப்புல தெரியுதே."

காளிமுத்து சிரித்தான். "தொரமாரு தும்முனாக்கூட ரெண்டு பக்கம் எழுதுவாங்க புள்ள. அதெல்லாம் மாஸ்டர் வடிகட்டித்தானே நமக்குச் சொல்லணும்."

நானும் சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு இஸ்கூல்ல பேசுனீங்களே... வேலையில அடிபட்டா சட்டம் இருக்கு, கேக்கலாம்னு. அது நமக்கு ஆகாதுங்களா?"

இதோ, கதவு! அவளே வந்து தட்டினாள். நான் உள்ளே இருந்தேன்.

"அது பேக்டரி மெசின்ல அடிபட்டவங்களுக்கு அக்கா," என்றேன். "இது வெளி லொறி. இதுக்கு வேற வழி இல்ல."

"அப்ப சரிங்க. நீங்க சொன்னாச் சரிதான்."

கிளாக்கரிடம் வாங்கி வந்த மைப்பெட்டியை என் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். அவள் இடது கையை நீட்டத் தயங்கினாள். "எடது கையில வைக்கலாமுங்களா? தப்பில்லையே?"

"தப்பில்ல அக்கா."

அன்று நான் சொன்னவற்றில் இதுவே உண்மையான ஒரே விடை.

இரண்டு நாளில் என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. தகப்பனார் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விசாரணையும் தேறியது. இன்று நான் இந்நாட்டின் பிரஜை. அஞ்சலை எந்த நாட்டுக்கும் உரியவள் அல்லள். தகரமும் வந்தது, புது வகுப்பறை எழுந்தது. அவள் பிள்ளைக் காம்பராவில், விளக்குமாற்றை இடது கையால் பற்றி, எஞ்சிய வலது விரல்களால் தாங்கிக் கூட்டினாள். கொழுந்து மலைக்கு அவள் மீண்டும் போகவில்லை.

சொல்லிவிடலாம் என்று பலமுறை எழுந்தேன். அந்தத் தாளையும் மீறி வழக்காட இடம் இருந்திருக்கக்கூடும். கல்லாதவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டு எந்த மன்றத்தில் நிற்கும்? ஆனால் அதைச் சொல்ல வேண்டிய சாட்சி நானல்லவா! நான் கூண்டில் ஏற வேண்டும். என்ன வாசித்தேன், எதை விட்டேன் என்று என் வாயாலேயே...

இரண்டு ஆண்டுகள் நிறைந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அன்று காலை நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். நெஞ்சில் ஓர் இலேசு. நிம்மதி! இனிச் சொன்னாலும் பயனில்லை. ஆகவே சொல்லாதிருப்பது குற்றமில்லை என்று மனம் கணக்கிட்டது. தாளில் செய்த வஞ்சகத்தைவிட அந்தக் காலை நேர நிம்மதியே என்னை இன்று அதிகம் வெட்கப்படுத்துகிறது. காலக்கெடு முடிந்தபின் உண்மை பேசுவது எவ்வளவு எளிது! இதோ, இப்போதுங்கூட அதைத்தானே செய்கிறேன்?

போன மாதம் அவள் பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு சிறு ஆங்கிலச் சீட்டு. தவமணியைத் தொழிலாளியாகப் பேர் பதிவதற்குத் தாயின் சம்மதம்.

"நல்லாப் படிக்கிற பிள்ளை அக்கா," என்றேன்.

"தெரியுமுங்க. கூட்டுற வேலைக்கு அரைச் சம்பளந்தான், எப்புடி ஓட்டுறது? அவ கை நல்லாருக்கு. கொழுந்து எடுக்கட்டும்."

சீட்டை வாசித்தேன். நான்கே வரிகள். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லி, மீண்டும் ஒருமுறை விளக்கினேன். அச்சிட்டிருந்த படிவ இலக்கத்தைக்கூட விடவில்லை. என் குரல் எனக்கே விசித்திரமாக ஒலித்தது.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இம்புட்டுச் சின்னச் சீட்டுக்கு இம்புட்டு நேரம். அன்னைக்கு அம்புட்டுப் பெரிய கடுதாசி... சட்டுனு முடிச்சிட்டியே தம்பி."

தம்பி!

அவள் கண்களைப் பார்த்தேன். அவற்றில் கோபம் இருந்ததா? தெரியவில்லை. தெரிந்து கேட்டாளா, வெள்ளையாகக் கேட்டாளா? என் வாய் திறந்தது.

"மை காஞ்சிரும், புடிங்க மாஸ்டர்," என்று அவள் இடது பெருவிரலை நீட்டினாள்.

நான் மைப்பெட்டியைப் பிடித்தேன்.

இப்போது விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவது என் குவார்ட்டர்ஸ் வரை கேட்கிறது. "தவமணி!" என்கிறார். ஒரு சிறு குரல் பதில் சொல்கிறது. பின்னர் பள்ளி தொடங்கியதும், புது வகுப்பறையின் தகரத்தின் கீழ் நின்று, நான் வரவு இடாப்பை விரிக்கிறேன். அவள் பெயரை அதிலிருந்து இன்னும் அடிக்கவில்லை. அதைக் கூப்பிடுவதுமில்லை. மேலிருந்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன்... அந்த வரி வந்ததும் ஒரு மூச்சு விட்டு, தாண்டிப் போகிறேன்.