எண்பத்து மூன்று புளியங்கொட்டைகள்

இந்த நாட்டுக் கடைகளில் புளி கொட்டையில்லாமல்தான் வருகிறது. சவர்க்காரக் கட்டி அளவில் சதுரமாக வெட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருப்பார்கள். வந்த புதிதில் என் மனைவி ஆசியா உம்மா அதைக் கரைத்துவிட்டுச் சட்டிக்குள் விரலால் தேடிப் பார்ப்பாள். கையில் ஒன்றும் தட்டுப்படாத புளியில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து கொண்டுவந்த கொட்டைப்புளிப் போத்தலைத்தான் மீன் ஆணம் காய்ச்ச எடுப்பாள். ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படும். என்னைப்போல இங்கிலாந்தில் மகன் வீட்டு ஜன்னலோரத்தில் குந்தியிருப்பவர்களுக்கு விளங்கும்.

மூன்று வருடங்களுக்கு முன், எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை, அந்தப் போத்தலுக்கு முன்னாலேயே அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சரிந்தாள். மாரடைப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டார்கள். டொக்டர், நாற்பத்தெட்டு மணித்தியாலம் போகட்டும் என்றார். போனது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார். கட்டிலருகில் ஒரு தடவையில் இரண்டு பேர்தான். பகல் இரண்டிலிருந்து மூன்று மணிவரை. மற்ற நேரமெல்லாம் வெளியே தாழ்வாரத்தில். எனக்கு அழுகை வரவில்லை. துஆக் கேட்கக் கையேந்தினால் அதிலும் சொல் வரவில்லை. தாழ்வாரத்துத் தரையில் நீளத்துக்கு அறுபத்திரண்டு ஓடு, அகலத்துக்கு ஒன்பது. மகன் நஸீர், "வாப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது ஐந்நூற்று ஐம்பத்தெட்டு என்று சொல்லப் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில் என் குடற்புண் வெடித்து, கல்முனை ஆஸ்பத்திரியில் வைத்து வயிற்றைக் கீறினார்கள். எட்டு நாளில் அறுபத்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். படுத்தபடி எண்ணினேன். என்னோடு கணக்குப் படிப்பித்த காரைதீவுக் கந்தசாமி மாஸ்டர் இரண்டு தரம் வந்தார்; ஒரு ஆளாகத்தான் சேர்த்தேன். ஒருவர் கட்டில் விளிம்பில் இருந்து, தன் மச்சான் இதே வருத்தத்தில் மௌத்தான கதையை ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டு, எனக்கு வந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டுப் போனார்.

"சனத்த அனுப்பு புள்ள. மூச்சு விட இடமில்ல" என்று ஆசியாவிடம் எரிந்து விழுந்தேன்.

"ஆக்கள் வாறது உங்களுக்குப் பாரமா இரிக்கி. ஆளில்லாத கட்டில்ல கிடக்கிறத நினைச்சாலே எனக்கு ஈரல் நடுங்குது" என்றாள்.

அந்த எட்டு நாளும் அவள் வீட்டில் பெண்களைப் பாயில் இருத்தி, நபியின் மேல் நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு ஸலவாத்து ஓதுவித்தாள். ஒன்று ஓதி முடிந்தால் ஒரு புளியங்கொட்டை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குப் போகும். பதினொரு பேர் இருந்தால் ஆளுக்கு நானூற்று நாலு, மிச்சம் வராது என்று கட்டிலில் கிடந்து சொல்லியனுப்பினேன். என் பங்கு அவ்வளவுதான்.

இங்கே ஆசியா விழுந்ததும் நஸீர் ஊருக்குத் தந்தி அடித்தான். நாலாம் நாள், கல்முனையில் ஒரு கடையிலிருந்து ஆசியாவின் தங்கை றாபியா மகன் வீட்டு டெலிபோனில் வந்தாள்.

"மச்சான், ராத்தாக்கு எப்பிடி?"

"இன்னும் கண் திறக்கல்ல."

டெலிபோன் இரைச்சலுக்கு மேலாக, "நாங்க ஸலவாத்து ஓதத் துவங்கிட்டம். இஞ்ச பத்துப் பேர். பதினோராவது பங்கு உங்களுக்கு" என்றாள்.

"ஊருக்குள்ள இன்னொரு ஆள் கிடைக்கல்லயா?"

"ஆள் நிறைய இரிக்காங்க. நீங்க அங்க சும்மா எதையாவது எண்ணிக்கிட்டுத்தானே இரிப்பீங்க. இதை எண்ணுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்தி முடிக்கணும்."

நானூற்று நாலு என்றால் நூற்றொரு கொட்டை, நாலு சுற்று. சமையலறைக்குப் போய் ஆசியாவின் போத்தலைக் கவிழ்த்து, புளியைப் பிசைந்து, கொட்டைகளைக் கழுவி எடுத்தேன். எண்பத்து மூன்றுதான் இருந்தன. குறைந்த பதினெட்டுக்கு மருமகள் சமையலுக்கு அலுமாரியில் வைத்திருந்த வெள்ளைப் போஞ்சி விதைகளை எடுத்தேன். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன்.

உருக்கமாக ஓதினேன் என்று எழுத மாட்டேன். வாய் ஓதியது, விரல் தள்ளியது. ஓதத் துவங்கிய இரண்டாம் நாள், செம்பட்டை முடிக்காரத் தாதி ஒருத்தி வந்து என் தோளைத் தொட்டு, போஞ்சி விதையைக் காட்டி, இதை ஊறவைத்து அவிக்காமல் தின்னக்கூடாது என்றாள். "இது என் மனைவிக்காக" என்றேன் ஆங்கிலத்தில். அவள் முகம் இளகியது. உங்கள் மனைவிக்கு இப்போது குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய், எனக்கு ஒரு கோப்பை சூப் கொண்டுவந்தாள். அதிலும் அதே போஞ்சி விதைதான். ஏழு மிதந்தன. குடித்துவிட்டு மிச்சத்தை ஓதினேன். வியாழன் பின்னேரம் நானூற்று நாலு முடிந்தது.

முடித்த கையோடு கதவு திறந்து நல்ல செய்தி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வெள்ளி ஒன்றும் நடக்கவில்லை. சனியும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள், ஞாயிறு பகல் இரண்டேகாலுக்கு, நான் தனியே பக்கத்தில் இருக்கும்போது அவள் கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுற்றிவர ஆளைத் தேடினாள்.

"ஆராரு வந்த?"

எனக்குப் பயம் அந்தக் கேள்விக்குத்தான். நான், நஸீர், மருமகள். வந்தது மூன்று பேர்.

"பதினொரு பேர்" என்றேன்.

"உங்களுக்கு அறுபத்து மூணு வந்த." குரல் காற்றாகத்தான் வந்தது. பிறகு, "பொய். இஞ்ச ரெண்டு பேருக்கு மேல விடமாட்டாங்களே" என்றாள்.

"பத்துப் பேர் அங்க றாபியாவோட இருந்து ஓதின. ஒரு ஆள் இஞ்ச" என்று சொல்லிக் கைக்குட்டையை அவிழ்த்துப் போர்வைமேல் விரித்தேன். அவள் ஒரு வெள்ளை விதையைத் தொட்டாள்.

"இது நம்மட இல்லயே."

"பதினெட்டுக் குறைஞ்சி போச்சி."

"அப்ப என்ட போத்தலக் கிளறிட்டீங்க. புளி எங்க?"

"வழிச்சி வெச்சிரிக்கன்."

ஊசி குத்தாத கையால் புளியங்கொட்டைகளை ஒரு பக்கமும் வெள்ளை விதைகளை ஒரு பக்கமுமாகப் பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்த விரல் திடீரென்று நின்றது. எழும்பிக் குனிந்து பார்த்தேன். மூச்சு இருந்தது, தூங்கிவிட்டாள். அந்தக் கரைக்குக் கொஞ்சம், இந்தக் கரைக்குக் கொஞ்சம் போயிருந்தன. பிரிபடாமல் நடுவில் கலந்து கிடந்தவைதான் அதிகம். மூன்று மணிக்குத் தாதி வந்து நேரமாயிற்று என்று கையைக் காட்டும்வரை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாய் அள்ளி முடிந்துகொண்டேன்.