ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன்

கருகிய பிளாஸ்டிக் வாடை, அம்மா காலையில் ஏற்றிய ஊதுபத்தியின் மணத்தையும் மீறி, கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நிறைந்திருந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு வயது பதின்மூன்று. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அட்டையில் நான் செய்த சாலைச் சந்திப்பு விளக்கில், ஒன்பது வோல்ட் பேட்டரியோடு இணைத்ததும் சிவப்பு எல்.இ.டி. ஒரு கணம் கண்கூச எரிந்து செத்தது. ஒயர் சரியில்லை என்று நினைத்து மஞ்சளையும் பச்சையையும் அதே வழிக்கு அனுப்பினேன். ஆசிரியை கொடுத்த ஆறில் மூன்றே மிச்சம், கண்காட்சியோ திங்கட்கிழமை.

வானொலிப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் "ஓப்பரேட்டர்" வேலை பார்த்த அம்மா, "ஓவர்டைம்" முடிந்து நீலச் சட்டையோடு உள்ளே வந்தார்.

"என்னாடி, வீட்டக் கொளுத்துறியா?"

உதிரிப் பாகங்கள் இருந்த பையைக் கிளறியவர், வண்ணக் கோடுகள் போட்ட சிறு துண்டு ஒன்றை எடுத்தார். "ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன். த்ரீ த்ரீ ஸீரோ ரெசிஸ்டர். இந்த மூணு ரெசிஸ்டரையும் போடாம அப்படியே வச்சிருக்க?"

"அது எதுக்கும்மா?"

"யாருக்குத் தெரியும்? போர்டுல ஓட்டை இருக்கும், சொருகுவோம். விட்டுட்டா சூப்பர்வைசர் ஏசுவாரு லா."

ஆசிரியை தந்த படத்தை மறுபடி பார்த்தேன். மூன்று இடங்களில் கோடு வளைந்து நெளிந்திருந்தது. நகலெடுத்த இயந்திரம் நடுங்கிவிட்டதென்று நினைத்து, நான்தான் அதை நேராக்கிக்கொண்டிருந்தேன்! அந்த நெளிவில் ரெசிஸ்டரை வைத்து இணைத்ததும், சிவப்பு விளக்கு பதறாமல் எரிந்தது. பாடநூலைத் தேடி எடுத்து, ரெசிஸ்டர் என்னும் தடை இல்லாவிட்டால் மின்சாரம் அளவு மீறிப் பாய்ந்து விளக்கைக் கருக்கிவிடும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "பதினோரு வருஷமா கையில புடிக்கிறேன், ஒருத்தனும் சொல்லல" என்றார், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, அதே நீலச் சட்டையோடு பள்ளிக்கு வந்தார். மற்ற அம்மாக்கள் பட்டுச்சேலையில் வந்திருக்க, எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்ததை மறைக்க மாட்டேன். நடுவராக வந்த மலாய் ஆசிரியர் ரெசிஸ்டரைத் தொட்டு, இது எதற்கு என்று மலாயில் கேட்டபோது, தமிழில் மனப்பாடம் செய்த பதிலுக்கு மலாய்ச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அம்மா, சந்தையில் பேசிப் பழகிய தம் பாசார் மலாயில், இது இல்லாவிட்டால் விளக்கு செத்துப்போகும், மின்சாரத்தை இதுதான் பிடித்து நிறுத்தி அளவாக விடுகிறது என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நடுவர் வியந்து கேட்க, அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "அனாக் சாயா" என்றார். என் மகள். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. பரிசு மூன்றாவதுதான், அம்மா சொன்ன அந்த இரண்டு சொற்களுக்குமுன் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இன்று பூச்சோங்கில் மின்சுற்றுகளைச் சோதிக்கும் பொறியாளராக இருக்கிறேன். என் மேசைக்கு வரும் ரெசிஸ்டர்கள் எள்ளளவுதான், பெரும்பாலும் கோடுகளே இல்லை; இயந்திரங்களே அவற்றைப் பொருத்துகின்றன. அம்மாவின் தொழிற்சாலை சரக்குக் கிடங்காகிவிட்டது. விடிகாலையில் நீலச் சட்டைப் பெண்கள் பேருந்துக்குக் காத்திருந்த வரிசையும் இல்லை. ஆனால் எங்கோ, யார் வீட்டுச் சமையலறையிலோ, அம்மா கையால் ரெசிஸ்டர் செருகிய ஒரு வானொலி இன்னும் கருகாமல் பாடிக்கொண்டிருக்கும்.