கன்னியாகுமரிக்குப் போன கதை

போன செவ்வாய்க்கிழமை கன்னியாகுமரிக்குக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தது முண்டியம்பாக்கம்.

சிரிக்காதீர்கள்... எனக்குப் பார்வை போய்விட்டது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பார்வையில்லாத மாணவிகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. பாடத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர் வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. துணையில்லாமல், அரசு பஸ்ஸிலேயே நான் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தால் வாங்கித் தருவதாக நண்பர்கள் வாக்குக் கொடுத்தார்கள். ஏன், என்னால் முடியாதா என்று மார்தட்டியது நான்தான்.

விடுதியில் பிளஸ் டூ படிக்கும் கோகிலா, "சார், போன் பண்ணி கடல் சத்தத்த எங்களுக்குக் கேக்க வைக்கணும்" என்றாள். சரி என்றேன்.

விழுப்புரம் வரை ராஜா மாதிரி போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "திருச்சி பஸ் எங்கங்க நிக்குது?" என்று பொதுவாகக் கேட்டேன். பதிலாக ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு பெண்மணி.

"வாங்கண்ணா, நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

"இல்லம்மா, நான் திருச்சி—"

"பஸ்சு பொறப்பட்டுக்கினு இருக்குது, ஜல்தி ஏறுங்க!"

விழுப்புரத்தில் வெள்ளைக் கம்போடு ஒருவன் நின்றால் அவன் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறான். வேறெங்கே போவான்? அவர் முன்னால் இழுக்க, யாரோ பின்னால் தள்ள, ஏற்றி உட்காரவும் வைத்துவிட்டார்கள். நான் கத்தியது ஹாரன் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? கண்டக்டர் பக்கத்தில் வருவதற்குள் பஸ் ஊரைத் தாண்டி, நான் திண்டிவனத்திலிருந்து வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. "தப்பா ஏறிட்டீங்களே சார், முண்டியம்பாக்கத்துல எறங்கிக்குங்க" என்றார்.

இறங்கியதும் எரிந்து விழுந்தேன். "நான் கன்னியாகுமரி போகணும்மா!"

அந்த அம்மா நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "கண்ணு தெரியாம அவ்ளோ தூரம் போயி என்னாண்ணா பாக்கப் போறீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே.

அவர் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டார். மறுபடி விழுப்புரம் போக வேண்டுமானால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் நிற்க வேண்டும். திண்டிவனம் திரும்ப, இறங்கிய இடத்திலேயே நின்றால் போதும். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கடந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் இன்னொரு கை பிடிக்கும். திருச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று... எத்தனை அன்பான கைகளிடமிருந்து என்னைப் பிடுங்கிக்கொள்ள முடியும்? உண்மையைச் சொல்கிறேன், மனசு விட்டுப்போயிற்று.

நின்ற இடத்திலேயே நின்றேன். திண்டிவனம் பஸ் வந்தது. ஏறினேன். வழியெல்லாம் அழுகையாக வந்தது.

ஊர் வந்து இறங்கும்போது போன் அடித்தது. கோகிலா. பின்னால் மற்ற பெண்களின் கலகலப்பு.

"சார், எங்க போய்க்கினு இருக்கீங்க?"

அன்று முழுக்க யாராவது ஒருவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டவள் அவள் ஒருத்திதான்... அவளிடம் சொல்லத்தான் ஊர் இல்லை.