நான் திருத்திய சொல்

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சபையார் எல்லாரும் சிரிக்கும்படி செய்தேன். அது வாய்தவறி வந்ததல்ல. சிரிப்பார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நான் கோவில்பட்டியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் வேதபாடம் வாசிப்பதற்கு எங்கும் எழுதி வைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. நானும் இன்னும் இரண்டு படித்த ஆண்களும் மாறி மாறி வாசிப்போம். இருபத்தைந்து ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. வேதம் வைத்திருக்கும் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும்போது என் குரல் கோயிலின் பின்சுவர் வரை போய்த் திரும்புவதைக் கேட்பேன். அதை ஊழியம் என்று நம்பியிருந்தேன்.

புதிதாக வந்த ஐயர் அதை மாற்றினார். எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். ஞானஸ்நானம் பெற்ற யாரும் வாசிக்கலாம், ஆண் பெண் பார்க்க வேண்டாம், வாரம் ஒருவராகப் பட்டியல் போடுவோம் என்று கமிட்டியில் சொன்னார்.

"வாசிப்புக்கு ஒரு தரம் வேண்டாமா ஐயரே?" என்று கேட்டேன்.

"ஆண்டவர் தரம் பாத்தா நம்மள யாரு அண்ணாச்சி உள்ள விட்டிருப்பா?" என்றார் அவர். கமிட்டியே சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். வீடு வந்து சேரும்போது அந்தச் சிரிப்பு என் மீதுதான் என்று பட்டது. ஞாயிறுதோறும் "எங்கள் சபையைப் புதிதாக்கும், எங்கள் இருதயங்களைப் புதிதாக்கும்" என்று நல்ல தமிழில் ஜெபம் ஏறெடுத்தவன் நான். புதிதாவது என்றால் என் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

பட்டியலில் நான்காவதாக வந்தது அவள் பெயர். கயத்தாறு சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர்க்காரி. ஆடு மேய்க்கும் குடும்பம். கணவன் இறந்தபின் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்கு வந்தவளை, கூட வேலை செய்த ஒருத்தி கோயிலுக்கு அழைத்து வந்தாள். இரண்டு வருடம் கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஞானஸ்நானம் எடுத்தாள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. சிறு வயதில் வீட்டிலிருந்தபடி கூலிக்குத் தீப்பெட்டி லேபிள் ஒட்டும்போது அதிலிருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கவே பழகினாளாம்.

வாசிக்க வேண்டிய ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால், ஆலை விட்டதும் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டு. பாடம் முழுவதையும் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"சார், வாசிக்கேன். எங்கெங்க தப்பா சொல்லுதேன்னு பாத்துச் சொல்லுங்க. எங்கண்ணன் வாராவ அன்னைக்கு. 'கோயில் கோயிலுன்னு போறியே, அங்கன உன்னைய யாரு மதிக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. இந்த ஒரு தடவ வந்து பாருங்கன்னு சொல்லியிருக்கேன்."

அவளை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு அந்தப்புறம் அவள் நிற்க, இந்தப்புறம் நான் நின்றபடி இரண்டு வரி கேட்டேன். எங்கள் பகுதியில் பெரும்பாலோருக்கு வருவது போலவே அவளுக்கும் எல்லா 'ழ'வும் 'ள'வாகத்தான் வந்தது.

"நாக்கை மடிச்சுச் சொல்லு. மடிக்காமச் சொன்னா எல்லாமே தப்பு" என்றேன். எங்கே மடிக்க வேண்டும், எங்கே மடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் போதும். முப்பத்தைந்து ஆண்டுகள் அதைத்தான் செய்து சம்பளம் வாங்கினேன். அன்று, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். ஒரு வேலையும் இல்லை.

ஞாயிறன்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் மேசைக்குப் போனபோது கோயில் வாசலில் ஒரு மனிதர் நிற்பதைப் பார்த்தேன். தோளில் துண்டு, கையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் தொரட்டி. படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார், ஆனால் நிலையைத் தாண்டவில்லை. அண்ணன் என்று முகச்சாயலே சொல்லியது.

அவள் நன்றாகவே தொடங்கினாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, நான் சொன்னபடி நாக்கை மடித்து மடித்து வாசித்தாள். 'ழ' வரும் இடங்களில் மட்டுமல்ல, 'ள' வரும் இடங்களிலும் மடித்தாள். ஒரு வரியின் கடைசிச் சொல் 'அளித்தார்'. அவள் 'அழித்தார்' என்றாள். கொடுத்தார் என்பது நாசம் செய்தார் என்றாகிவிட்டது.

நான் முதல் பெஞ்சில் இருந்தேன். எழுந்து நின்றேன்.

"அளித்தார்! ஆண்டவர் அளிக்கிறவரும்மா. அவரை அழிக்க வச்சிராத."

கோயில் சிரித்தது. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். மீதி நான்கு வரிகளை வாசிக்காமலே இறங்கிப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். மீதியை வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். போய் வாசித்தேன். குரல் பின்சுவர் வரை போய் வந்தது.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பக்கத்தில் அண்ணனின் குரல் கேட்டது. "ஏட்டி, இதுக்கா ஆட்ட அடுத்தவன்ட்ட விட்டுட்டு என்னைய வரச்சொன்ன? நல்லா மதிக்காவ உன்னைய." நோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

ஆட்டோவில் என் மனைவி கேட்டாள்: "மூணு நாளா அந்தப் பிள்ள அத மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டே இருந்திருக்கும். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"தப்பைத் தப்புன்னுதான சொன்னேன்."

"தெனமும் ஜெபத்துல நீங்க தப்பும் தவறுமா என்னென்னமோ கேக்கீங்க. ஆண்டவர் எந்திரிச்சு நின்னா திருத்துதாரு?"

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஐயர் இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க ஒரு எட்டு போனா வருவா" என்று என்னிடம் சொன்னார். "வரணும்னா தானா வருவா" என்றேன். தமிழுக்காகப் பேசினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தமிழுக்காக இல்லை. மேசை போனதற்காக.

நான்கு ஆண்டுகள் கழித்து எனக்குப் பக்கவாதம் வந்தது. கை ஓரளவு திரும்பியது, கால் கம்போடு நடக்கிறது, நாக்கு மட்டும் பழையபடி ஆகவில்லை. பேச்சுப் பயிற்சிக்குத் திருநெல்வேலி போனேன். பயிற்சி கொடுத்த பெண் முதல் நாளே, "வாழைப்பழம் சொல்லுங்க ஐயா" என்றாள்.

"வாளைப்பளம்."

"இன்னொரு தடவை."

"வாளைப்பளம்."

"பரவாயில்ல, வந்துரும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த சொல்லுக்குப் போனாள். அவள் சிரிக்கவில்லை. அன்று ரயிலில் மணியாச்சி வரும்வரை அந்தச் சொல்லையே முணுமுணுத்துப் பார்த்தேன். ஆனாலும் அன்று நோட்டோடு என் வாசலில் நின்றவளைத் தேடிப் போக எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. என்னைப் பற்றி நான் வெட்கப்படுகிறவற்றில் அதுவும் ஒன்று.

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்கு ஆலை மூடியிருந்த வாரம், "இப்பமாவது போங்க" என்று மனைவி பஸ் ஏற்றிவிட்டாள். சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். முந்தின நாள் மழை. கரிசல் செருப்பில் அப்பி அப்பி இரண்டு கால்களும் கல்லாகக் கனத்தன. கம்பை ஊன்றினால் உள்ளே போகிறது, இழுத்தால் வர மறுக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடுதான் அவள் வீட்டு முன் போய் நின்றேன்.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள். "சார்? என்ன சார் இது கோலம்?" என்று குடத்தைச் சாய்த்துக் காலில் தண்ணீர் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊற்றிவிட்டாள்.

"நீங்க என்ன மன்னிக்கணும்" என்றேன். அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு நீங்க தப்பா வாசிக்கல. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சேதான் சிரிக்க வச்சேன். அந்தப் பளைய பாவம்..."

சொல் அப்படித்தான் வந்தது. அவள் என் வாயையே பார்த்தாள்.

"சார், உங்களுக்கும் நாக்கு மடியலையா?"

"இல்ல."

குடத்தை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "நான் எப்பவோ ஆண்டவர்ட்ட சொல்லி விட்டுட்டேன் சார். ஆனா எங்கண்ணன் விடல. அவியள்ட்ட சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் ஊருக்கு மேற்கே ஒரு தரிசில் கிடை போட்டிருந்தார். வலைக்குள் ஆடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, என் தங்கச்சி சின்னப்பிள்ளையிலேர்ந்து ஆட்டோட பேசுதா. ஒரு ஆடும் அவளத் திருத்துனதில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. "இங்கன ஆட்டுக்கு முன்னால மன்னிப்புக் கேட்டு என்னத்துக்கு? சிரிச்சது உங்க கோயில்லல்லா? அங்கன சொல்லும்."

இப்போதைய ஐயரிடம் கேட்டு, அதே பாடத்தை வாசிக்க ஒரு ஞாயிறு வாங்கினேன். அண்ணனுக்கும் தங்கைக்கும் சொல்லியனுப்பினேன். அன்று வாசிப்பதற்கு முன் நடந்ததைச் சொன்னேன், அவளிடம் சொன்னதைப் போலவே, ஒன்றையும் விடாமல். பிறகு வாசித்தேன். 'எழுந்து' என்பது 'எளுந்து' ஆயிற்று. 'மகிழ்ச்சி' வந்த இடத்தில் இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன். எச்சில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டு கடைசி நான்கு வரிகளையும் முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருவர் அழுதார். முடித்ததும் பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவ்வளவு பொறுமையும் அந்தக் கோயிலுக்குள் அவள் வாசித்த அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு துளி அவளுக்குக் கிடைக்காதபடி செய்தவன் நான்.

அவள் வரவில்லை. அண்ணன் வந்திருந்தார், அதே வாசலில், நிலைக்கு வெளியே. நான் இறங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லுதேன் அவகிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சபை மாறியிருக்கிறது. இப்போது பட்டியலில் ஆலைப் பெண்கள் நிறையப் பேர். அவரவர் நாக்குக்கு வந்தபடி வாசிக்கிறார்கள். முதல் பெஞ்சிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. நான் பின்னால் உட்காருகிறேன். அவள் பெயரையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்க, கிறிஸ்துமஸ் முடிந்தபின் மறுபடி அவள் ஊருக்குப் போனேன்.

"வேண்டாம் சார். இங்கன எங்க ஊர்லயே தகரக்கொட்டகையில ஜெபக்கூட்டம் நடக்கு. பத்துப் பதினஞ்சு பேரு. ஞாயித்துக்கிழம நான்தான் வாசிக்கேன்."

"அண்ணன் வாராரா?"

"மொதல்ல வாசல்ல நின்னாவ. நீங்க கோயில்ல சொன்னதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து உள்ள வந்து உக்காருதாவ." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

"நானும் ஒரு ஞாயிறு வந்து கேக்கலாமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கோபம் ஏதும் இல்லை. நோயாளியிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

"வராதீங்க சார். மன்னிச்சிட்டேன், அது நெசம். ஆனா நீங்க உக்காந்திருந்தா எனக்கு வாய் தெறக்காது."

சரிம்மா என்றேன். பஸ் நிறுத்தம் வரை அவளே கூட வந்து ஏற்றிவிட்டாள். கம்பை வாங்கி வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்தபின் சன்னல் வழியாகக் கொடுத்தாள். அவள் வாசிப்பதை நான் இன்றுவரை கேட்டதில்லை.