மாவு மாத்திரை

மாணிக்கம்மாள் அருவருப்பே அறியாதவள். நெய்வேலியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சீழையும் மலத்தையும் முகம் சுளிக்காமல் கழுவிய கை அவளுடையது. அந்தக் கையின் மூட்டெல்லாம் வீங்கியபோதுதான் பட்டணத்து டாக்டர் வந்தார். மூட்டு வீக்கத்துக்குப் புது மருந்து ஆராய்ச்சியாம். நோய் கண்ட பெண்களுக்கு ஆளுக்கொரு புட்டி மாத்திரை கொடுத்தார்.

மாணிக்கம்மாளுக்கு வீக்கம் வடிந்தது. அதே போல் புட்டி வாங்கிய பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளோ, மாத்திரை போட்டும் சோறு பிசைய முடியாமல் அழுதாள். ஒரு வீட்டில் கொதித்த குழம்பு வரிசை முழுக்கப் போகும் குடியிருப்பு அது. மருந்து மட்டும் போகாதா?

"எனக்கு இந்தப் புட்டி கேக்குதுக்கா, நீயும் இதப் போடு" என்று மாணிக்கம்மாள் தன் மாத்திரையில் பாதியைக் கொடுத்தாள். கஸ்தூரியம்மாளின் விரல்களும் வீக்கம் வடிந்து மடங்கின.

வாராவாரம் வரும் டாக்டர் இந்த முறை விஷயம் தெரிந்து கத்தினார்.

"கஸ்தூரியம்மாவுக்குக் குடுத்தது வெறும் மாவு மாத்திரைம்மா! மருந்து போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசம் பாக்கணும்ல? என் ஆராய்ச்சியையே கெடுத்துட்டியே!"

சீழுக்கும் சுளிக்காத மாணிக்கம்மாளின் முகம் சுளித்தது.

"மாவுன்னு தெரிஞ்சிக்கினே, வலி கொறைஞ்சிதான்னு அந்தக்காவ வாராவாரம் கேட்டீங்களே. எப்படிங்க வாய் வந்துது?"

டாக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். "சரி, கையக் காட்டு, வீக்கம் பாக்கணும்" என்றார்.

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல உங்க கையக் கழுவிக்கினு வாங்க."